ஒரு மேட்ச் வெளியே உட்காருங்க, தம்பி!



மறைமலை நகரில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள், சிறுசேரி ஐ.டி. ஊழியர்கள், கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் கடலுக்குப் போகிற இளைஞர்கள், மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிறவர்கள். நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளி, கல்லூரி வயதைத் தாண்டியும் கால்பந்தை விடாதவர்கள் இவர்கள்தான். கேளம்பாக்கம், நாவலூர் பக்கம் இரவு வெகுநேரம் டர்ஃப் விளக்குகள் எரிகின்றன. வாரக் கடைசியில் ஐவர் ஆட்டம், எழுவர் ஆட்டம். பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் ஊர் மைதானத்தில் டோர்னமென்ட். நுழைவுக் கட்டணம், ஃபிளெக்ஸ், கோப்பை, மைக் செட் எல்லாம் உண்டு.

எனக்கு இதில் சந்தோஷம்தான். வேலைக்குப் போகிற ஆள் வாரத்தில் ஒரு நாளாவது வியர்க்க ஓடினால் சர்க்கரையும் பிரஷரும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஆனால் அந்த ஆட்டம் அடிதடியில் முடிந்தால் செலவு யார் தலையில் விழுகிறது?

கால் எலும்பு முறிந்தால் வாரக்கணக்கில் மாவுக்கட்டு. கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவருக்கு அத்தனை நாளும் சம்பளம் கிடையாது. கடலுக்குப் போகிறவர் வலை இழுக்க முடியாது. கல் செதுக்குகிறவருக்கு விரல் போனால்? கோல் போட்ட கதையை அவர் ஊருக்கே சொல்லியிருப்பார். ஆட்டோ பிடித்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அலைவது மனைவியோ அம்மாவோதான்.

பந்துக்காகப் போய் மோதி விழுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பந்து போன பிறகு விழுகிற உதையைப் பற்றித்தான் இந்த வாரம் பேச நினைக்கிறேன்.

அது எப்படி ஆரம்பிக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஜெர்சியைப் பிடித்து இழுக்கிறார். ரெஃப்ரி கவனிக்கவில்லை. இழுபட்டவர் அடுத்த பந்தில் முட்டியை வைக்கிறார். "கண்ணு தெரியலையா ரெஃப்ரி?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து குரல். ஒரு நிமிஷத்தில் ஏழு பேரும் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த ரெஃப்ரி யார்? பக்கத்து ஊர் பி.டி. மாஸ்டர். சில நூறு ரூபாய்க்கும் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கும் வெயிலில் வந்து ஓடுகிற மனிதர். சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டுவதற்குள் யாரோ அவர் கையைப் பிடித்து அமுக்குகிறார்கள்.

உடனே மைக்கில் அறிவிப்பு வரும்: "இந்த வீரருக்கு நமது மைதானத்தில் ஆயுட்காலத் தடை!"

அந்த ஆயுட்காலம் எவ்வளவு நேரம் தாங்கும்? பெரும்பாலும் சாயங்காலம் டீ குடிக்கிற வரைக்கும். கேப்டன் வருவார், ஸ்பான்சரின் மைத்துனர் வருவார். "அண்ணே, சின்னப் பையன், ஏதோ கோவத்துல பண்ணிட்டான், விட்டுடுங்கண்ணே." மறுநாள் அரையிறுதியில் அதே பையன், அதே ஜெர்சி நம்பர். முட்டியில் அடி வாங்கியவர் மட்டும் வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

ஆயுட்காலத் தடை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கோபத்தில் கொடுக்கிற பெரிய தண்டனையை யாரும் நடத்திக் காட்டுவதில்லை. ஒரே ஒரு மேட்ச் போதும். ஆனால் அது ஸ்பான்சர் மகனுக்கும் உண்டு, அடுத்த ஆட்டம் ஃபைனலாக இருந்தாலும் உண்டு.

கேரளா பிளாஸ்டர்ஸ் கதை நினைவிருக்கிறதா? 2023 மார்ச் 3, ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப். எதிரணியான பெங்களூருவின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்துக் கோல் போட, அது செல்லாது என்று வாதாடிய பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியைக் களத்தை விட்டே கூட்டிப் போய்விட்டார். கேரளத்து ரசிகர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. ஆனாலும் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தது. அப்பீல் போனார்கள், எடுபடவில்லை. நமக்குக் கோடி வேண்டாம். அப்பீலுக்குப் பிறகும் தண்டனை மாறாமல் நிற்கிற அந்த உறுதி மட்டும் போதும்.

"ஜாலிக்கு ஆடுறோம், இதுக்கு இவ்வளவு சட்டமா சார்?" என்று சிலர் கேட்கலாம். 1980 ஆகஸ்ட் 16-ம் தேதி கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நடந்ததும் உள்ளூர் லீக் ஆட்டம்தான். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. களத்தில் இரண்டு வீரர்கள் கைகலக்க, ரெஃப்ரி இருவரையும் வெளியேற்றினார். அதற்குள் சண்டை கேலரிக்குப் போய்விட்டது. கல் பறந்தது, கூட்டம் நெருக்கியடித்தது. ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. அவர்கள் நினைவாக அந்தத் தேதியில் அங்கே ரத்த தான முகாம் நடத்துகிறார்கள். ஊர்ப் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு இறங்குகிற நம் அணிகளுக்கும், கோட்டோரம் நிற்கிற உறவுக்காரர்களுக்கும் நடுவே ஒரு கயிறுதானே இருக்கிறது?

சீண்டியவர் தப்பித்து, திருப்பி அடித்தவர் மட்டும் மாட்டிக்கொள்வதும் சரியில்லை. 2006 உலகக் கோப்பை ஃபைனலில் எதிரணி வீரரைத் தலையால் முட்டிய ஜிதானுக்கு 3 ஆட்டத் தடை. வாயைக் கொடுத்து அவரைக் கிளப்பிவிட்ட அந்த வீரர் மாட்டராஸிக்கும் 2 ஆட்டம். ஜிதான் அதோடு ஓய்வு பெற்றுவிட்டதால் தடைக்குப் பதிலாகச் சமூக சேவை செய்தார். இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தடையில் இருக்கும் தம்பி அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு வரட்டும். சுண்ணாம்புக் கோடு போடட்டும், கொடி பிடித்து லைன்மேனாக நிற்கட்டும். அரை மணி நேரம் திட்டு வாங்கிப் பார்த்தால் ரெஃப்ரி வேலை எப்படிப்பட்டது என்று தெரியும்.

வாய் நீளம் மட்டும்தான் பிரச்சினையா? அதற்கும் வழி இருக்கிறது. ரெஃப்ரியிடம் எதிர்த்துப் பேசினால் 10 நிமிடம் வெளியே உட்கார வைக்கும் முறையை இங்கிலாந்தின் உள்ளூர் லீக்குகளில் 2019-20 சீசனிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் 31 லீக்குகளில் சோதித்தபோது இத்தகைய தகராறு 38 சதவீதம் குறைந்திருந்தது. நம் எழுவர் ஆட்டம் சின்னது, அதனால் மூன்று நிமிடமே தாராளம். வெளியே உட்கார்ந்தவரைத் திட்டுகிற வேலையைச் சொந்த அணிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்!

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. ஒரு டோர்னமென்ட்டில் தடை வாங்கியவர் அடுத்த வாரம் பக்கத்து ஊரில் வேறு ஜெர்சியில் இறங்கிவிடுகிறார். தடை ஆளுக்கா, ஜெர்சிக்கா? அமைப்பாளர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தானே, ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியலைப் போட்டால் தீர்ந்தது. தடையைப் பற்றி விசாரித்து முடிவெடுக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருக்கட்டும்; அந்த மூவரில் ஸ்பான்சரோ, ஆடுகிற அணிக்காரரோ இருக்கக் கூடாது. தடை விதிப்பதற்கு முன் அந்தப் பையன் சொல்வதையும் காதில் வாங்க வேண்டும்.

மே மாத டோர்னமென்ட்டுக்கு நோட்டீஸ் அடிக்கிற கமிட்டியில் உங்கள் வீட்டுப் பிள்ளையோ தம்பியோ இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். பரிசுத் தொகைக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "சிவப்பு அட்டை பெறுபவர் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது, சிபாரிசு ஏற்கப்பட மாட்டாது."

அன்புடன்,
ஆசிரியர்