காதும் கருவியும்

'காது இருக்கையில் ட்யூனர் எதற்கு?' என்பது கலையுணர்வன்று, ஆணவம். காது தான் கேட்க விரும்புவதையே கேட்கும்.

கிடாரின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும், அங்கேயே தொட்டெழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்ற வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னகர்த்துகிறோம், இறங்கினால் முன்னகர்த்துகிறோம். இதற்குக் கைக்குக் கிடைத்த ட்யூனர் போதுமென்பதும் பிழையே. அரைஸ்வரம் 100 சென்ட். 3 சென்ட் பிழையைப் பொறுக்கும் கருவி, ஒரு தந்தி அவ்வளவு ஏறியும் மற்றொன்று அவ்வளவு இறங்கியும் நிற்க, இரண்டையும் சரியென்றே காட்டும். இடையில் விழுவது 6 சென்ட்! மேடையில் சுருதி சேர்க்க அது போதும். சேடிலைத் திருத்த, 0.1 சென்ட் காட்டும் ஸ்ட்ரோப் ட்யூனரே தகும்.

அதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. சமப்பகுப்பில் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தினும் ஏறத்தாழ 14 சென்ட் ஏறியே நிற்கும். அக்குறையை அறிந்து வாசிப்பதே செவியின் வேலை. அளக்கும் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள்.