வகுப்பறையில் வாய்மூடி இருந்தவர்கள்

நம் பிள்ளைகள் செல்போனில் ஜப்பானிய அனிமே படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். அவற்றில் ஒன்று 'எ சைலன்ட் வாய்ஸ்', 2016-இல் நவோகோ யமதா இயக்கியது. காது கேளாத சிறுமி ஒருத்தி ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்கிறாள். சொல்ல நினைப்பதை நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். சக மாணவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு கேலி செய்கிறார்கள், கடைசியில் காதுக் கருவியையே பிடுங்கி எறிகிறார்கள். முன்னின்று செய்பவன் இஷிதா என்ற சிறுவன்.

அதற்கடுத்து வரும் காட்சிதான் முக்கியம். புகார் வந்து தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வருகிறார். அதுவரை உறுதியாகத் தடுக்காத வகுப்பாசிரியர், இஷிதாவை மட்டும் எழுப்பி நிறுத்திக் கத்துகிறார். கூடச் சேர்ந்து சிரித்தவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பழி முழுவதும் ஒருவன் தலையில் விழுகிறது. மற்ற எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அந்தச் சிறுமி வேறு பள்ளிக்குப் போய்விடுகிறாள்.

இது நமக்குப் புதிதல்ல. 2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியவர்கள் உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள். தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்த அந்த மாணவர், ஏன் வரவில்லை என்று கேட்டபோது நடந்ததைச் சொன்னார். சொன்னதற்குக் கிடைத்த பதில் அரிவாள்.

சிறுவர்கள் பிடிபட்டார்கள். ஆனால், பெரியவர்களிடம் யார் கேள்வி கேட்டது? 2019-லேயே பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். சாதியைக் காட்ட மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறக் கயிறுகளைக் கையில் கட்டி வருகிறார்கள், அத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியது. பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் கே.ஏ.செங்கோட்டையன் சொல்லிவிட்டார். ஆக, அரசுக்குத் தெரியும். தினமும் அந்தக் கைகளைப் பார்த்துப் பாடம் நடத்திய ஆசிரியருக்கும் தெரியும்.

படத்துக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்தச் சிறுமி பள்ளி மாறலாம். நம் பிள்ளை எங்கே மாறுவது? சாதி பேருந்திலும் வரும், டீக்கடையிலும் நிற்கும். 2025 மார்ச்சில், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, பரீட்சை எழுதப் பேருந்தில் போன தலித் மாணவரை வழிமறித்து விரல்களை வெட்டினார்கள். இஷிதா வளர்ந்ததும் சைகை மொழி கற்று, அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கிறான். நல்லதுதான். ஆனால், வீடும் தெருவும் சங்கமும் சேர்ந்து ஊட்டிய வெறியை ஒரு பையனின் மனசாட்சி மட்டும் துடைத்துவிட முடியாது.

இதெல்லாம் தென்மாவட்டத்துச் சங்கதி என்று சென்னைக்காரர்கள் சொல்வதுண்டு. நான் இருக்கும் தரமணியில் ஐ.டி. கட்டடங்களுக்கு மிக அருகே கானகம் இருக்கிறது. இங்கே 'நீ என்ன ஆளு?' என்று கேட்க மாட்டார்கள், 'எந்த ஏரியா?' என்பார்கள். 'குப்பத்துப் பசங்க', 'ஹவுசிங் போர்டு பசங்க' என்ற பெயர்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன.

ஜப்பானில் 2011-இல் ஓட்சு நகரில் 13 வயது மாணவன் துன்புறுத்தல் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டான். பள்ளியும் கல்வி வாரியமும் மூடி மறைக்கப் பார்த்தது அம்பலமாகி, நாடே கொதித்தது. 2013-இல் தனிச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வலித்ததா என்பதே அதில் அளவுகோல். கடுமையான சம்பவங்களை விசாரித்தே ஆகவேண்டும். இப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சம்பவங்கள் பதிவாகின்றன. அதனால் கொடுமை ஒழிந்துவிடவில்லை. ஆனால், எண்ணுகிறார்கள். இங்கே 'எங்கள் பள்ளியில் சாதியே இல்லை' என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம், ஒரு பகுதியின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமை ஆசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடாமை, பள்ளி நல அலுவலர், சாதிப் பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் எனப் பரிந்துரைகள் உள்ளன. சுற்றறிக்கையை ஓர் அமைச்சர் ஒரே நாளில் முடக்கிவிடலாம், சட்டத்தை அப்படி முடக்க முடியாது. அதனால்தான் சட்டம் கேட்கிறோம்.

சட்டம் வரும்வரை மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பாதிக்கப்பட்டவர் தனியாகப் போய்ச் சொன்னால் அது 'அவன் புகார்' ஆகிவிடுகிறது, பழிவாங்குவதும் எளிதாகிறது. பக்கத்து பெஞ்சில் இருக்கும் இரண்டு பேர் கூடப் போய் 'ஆமாம் சார், நாங்களும் பார்த்தோம்' என்றால் பள்ளியால் அதை மறைக்க முடியாது. அந்த இரண்டு பேரில் ஒருவர் ஆதிக்க சாதிப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. பள்ளியில் சொல்லப் பயமா? கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.