பின்புலப் படத்தை மாற்றுவது குற்றமா?



நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் கணினிக் கூடத்தில் ஒரு விதி ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். 'திரையின் பின்புலப் படத்தை மாற்றக்கூடாது' என்பதே அது. காலணியோடு நுழையாதே, உணவு கொண்டுவராதே என்னும் விதிகளுக்குக் காரணம் உண்டு. இவ்விதிக்கு என்ன காரணம்? கேட்டால் மூன்று விடைகள் வருகின்றன.

முதல் விடை, கணினி மெதுவாகிவிடும் என்பது. 1920க்கு 1080 படப்புள்ளிகள் கொண்ட திரையை நிறைக்கும் படம் நினைவகத்தில் ஏறத்தாழ 8 மெகாபைட் இடத்தையே கொள்ளும். 4 கிகாபைட் நினைவகம் உள்ள பழைய கணினியிலும் அஃது ஐந்நூற்றில் ஒரு பங்குதான். பள்ளி வைத்திருக்கும் படமும் அதே இடத்தைத்தானே அடைத்துக்கொண்டிருக்கிறது!

இரண்டாம் விடை, நேரம் வீணாகும் என்பது. பின்புலத்தை மாற்றும் மாணவன் படம் எந்தக் கோப்புறையில் உள்ளது எனத் தேடுகிறான். கோப்பின் பெயரையும் வகையையும் அறிகிறான். திரையின் அளவுக்குப் பொருந்தாத படம் இழுபட்டுக் கோணலாவதைக் காண்கிறான். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் ஏன் மங்குகிறது என அவனே வினவுகிறான். பாடநூலைத் திறக்காமலே பிறக்கும் இவ்வினாவை வீண் என்பது எப்படி? விண்டோசைத் தமிழில் இயக்கும் வசதியும் உண்டு. அதனை அமைத்துத் தந்தால் இதுவே தமிழ்ப்பாடமும் ஆகும்.

மூன்றாம் விடை, தகாத படத்தை வைத்துவிடுவார்கள் என்பது. இவ்வச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், தடை அதற்கு மருந்தன்று. மாணவர்க்குத் தனித்தனிப் பயனர் கணக்கு அமைத்தால், ஒருவர் வைக்கும் படம் மற்றவர் திரையைத் தொடாது. எந்தப் படம் தகும், அஃது யாருடையது, உரியவர் இசைவின்றி எடுக்கலாமா, 'இலவசப் படம்' என ஆசைகாட்டி வேண்டாத நிரலை இறக்கும் தளங்களை எப்படி அடையாளம் காண்பது ஆகியவற்றை ஆசிரியர் கண்முன் கற்காத பிள்ளை எங்கே கற்கும்? கைப்பேசியோடு தனித்திருக்கும் அறையிலா?

2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோசு எக்சுபியின் பச்சைக் குன்றையும் நீல வானத்தையும் யாவரும் அறிவோம். அது 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லசு ஓ'ரியர் என்பவர் எடுத்த நிழற்படம். அழகிய படம்தான். ஆயினும், ரப்பர் மரங்களையும் செம்பனைகளையும் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் எவரோ தேர்ந்த அக்குன்றையே பார்த்துக்கொண்டிருந்தனர். தம் கையால் வரைந்த கோலத்தை, தம் ஊர்க் கோயிலை, தம் பாட்டியின் முகத்தை அங்கே வைக்கலாம் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

இதில் உண்மையில் இழப்பவர் யார்? வீட்டில் கணினி உள்ள பிள்ளை இதனை வீட்டிலேயே கற்றுக்கொள்ளும். கணினியே இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளிக் கூடம்தான் ஒரே வாய்ப்பு. 'தொடாதே' என்று அங்கேயும் சொன்னால், கணினி பிறருடைய பொருள், நாம் தள்ளிநின்று பார்க்க வேண்டியது என்ற எண்ணமே அதன் நெஞ்சில் பதியும். அந்தத் தயக்கம் இடைநிலைப் பள்ளி வரைக்கும் கூடவே செல்லும். ஏழைப் பிள்ளையின் கையைக் கட்டுவதற்கா கணினிக் கூடம் கட்டினோம்?

ஆகவே, அவ்விதித் தாளைக் கிழித்தெறியுங்கள். ஆண்டின் முதல் கணினிப் பாடமாகவே இதனை வையுங்கள். தாமே வரைந்த அல்லது தாமே எடுத்த படமாக இருத்தல் வேண்டும், ஆசிரியரிடம் காட்டிய பின் வைத்தல் வேண்டும் என்னும் இரண்டு விதிகள் போதும். பெற்றோர்களே, வீட்டுக் கணினியிலும் ஒருமுறை பிள்ளையின் கையில் சுட்டியைக் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்து பாருங்கள்.

தன் திரையைத் தானே அமைக்கத் தெரிந்த பிள்ளை, நாளை தமிழில் ஒரு நிரலையும் அமைக்கும். சிந்திப்போம், செயல்படுவோம்.