விமானம் ஒன்றே கால் மணி. வீடு வர ஏழு மணி!

நாகர்கோவிலில் தாய் இறந்துவிட்டாள். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். காலை ஆறு மணிக்கு அவனுக்குச் செய்தி போகிறது.

"விமானத்தில் வருகிறான். ஒன்றே கால் மணி நேரம்தானே! பத்து மணிக்கு வந்துவிடுவான்" என்கிறார்கள் உறவினர்கள்.

பத்து மணி ஆகிறது. பன்னிரண்டும் ஆகிறது. மகனைக் காணோம். பந்தலில் முணுமுணுப்பு எழுகிறது.

மகன் மீது தப்பு இல்லை. கணக்கில்தான் தப்பு.

சென்னை விமான நிலையத்துக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் சுமார் 615 கிலோ மீட்டர். விமானம் இதைக் கடக்க ஒன்றே கால் மணி, அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். ஓடு பாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். எதிர்க்காற்று வீசினால் நேரம் கூடும். பின்காற்று தள்ளினால் குறையும்.

ஆனால் மகன் காலை ஆறரைக்கே புறப்பட்டான். விமான நிலையம் சேர ஒரு மணி. சோதனைக்காக இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். ஒன்பதரைக்குப் பறந்து, பத்து ஐம்பதுக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினான். வெளியே வர அரை மணி. பிறகு நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று கடைத்தெருக்கள் வழியாக 70 கிலோ மீட்டர். கார் வீட்டு வாசலில் நின்றபோது மணி ஒன்றரை.

ஆக ஏழு மணி நேரம். 2024-ல் விடப்பட்ட வந்தே பாரத் ரெயில் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் ஒன்பது மணி நேரத்தில் வருகிறது. வித்தியாசம் இரண்டே மணி!

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம்தான். ஒரு காலத்தில் அது நாஞ்சில் நாட்டுக்கும் சொந்தத் தலைநகரம். 1935 நவம்பர் 1-ந் தேதி அங்கிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் பறந்தபோது, நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல், அதே நவம்பர் 1-ந் தேதி, மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியது. விமானம் ஏறும் இடம் மாறவில்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அங்கேதான் ஏறுகிறார்கள்.

விமானத்தை இன்னும் வேகமாகப் பறக்கச் சொல்ல முடியாது. சாலைப் பயணத்தைக் குறைக்கலாம். விமானங்களின் நேரம் பார்த்து, நாகர்கோவிலிலிருந்து விமான நிலைய வாசலுக்கே இரவும் பகலும் பஸ் ஓட வேண்டும். இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேசினால் நடக்கக்கூடிய காரியம்தான். பெட்டியும் கைக்குழந்தையுமாகத் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

அங்கே வாசலும் இரண்டு. உள்நாட்டு விமானங்கள் பலவற்றுக்குச் சங்குமுகம் பக்கம். வெளிநாட்டு விமானத்துக்குச் சாக்கை பக்கம். நடுவே ஓடு பாதை கிடக்கிறது. வாசல் மாறிப் போனால் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும்.

மகன் வரும் வரை காத்திருக்கும் குடும்பம், விமானம் இறங்கும் நேரத்தோடு மூன்று மணி சேர்த்து அடக்கத்துக்கு நேரம் சொல்வது நல்லது. மழைக்காலமானால் இன்னும் அரை மணி.