நூற்றுக்கு ஐந்தென்னும் மாயக்கோடு

மருத்துவ ஆய்வு மாணவர் ஒருவர் தாம் சேகரித்த தரவுகளுடன் புள்ளிவிபரவியலாளரை நாடிச் செல்லும்போது முதலிற் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "இதற்கு எந்தச் சோதனையைப் போடலாம்?" கணிப்பு முடிந்ததும் எழும் அடுத்த வினாவும் ஒன்றே: "பீ பெறுமானம் 0.05 இற்குக் கீழே வந்துவிட்டதா?" வந்துவிட்டால் மருந்து பயனுள்ளது, வராவிட்டால் பயனற்றது. இவ்விரு வினாக்களுக்குமிடையே நோயாளி எங்கோ மறைந்துவிடுகிறார். நோயாளியின் உயிர் சில மணித்தியாலங்களுள் நிர்ணயமாகிவிடும் அவசர சிகிச்சைத் துறையில் இவ்வழக்கம் வெறும் கல்விக் குறைபாடன்று. உயிருக்கு ஊறு விளைக்கும் மூடநம்பிக்கையாகும்.

இம்மூடநம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. ரொனால்ட் பிஷர் 1925 இல் வெளியிட்ட நூலில், இருபதில் ஒன்று என்ற அளவை ஆய்வாளருக்கு வசதியான ஓர் எல்லையாகக் காட்டினார். அது வசதி கருதிய எல்லையேயன்றி இயற்கை விதியன்று. 1933 இல் நெய்மனும் எகன் பியர்சனும் வகுத்த கோட்பாடோ வேறு நோக்குடையது. இல்லாத பயனை உண்டென்று கொள்ளும் வழு, உள்ள பயனை இல்லையென்று தள்ளும் வழு ஆகிய இரண்டினதும் விளைவுகளை முன்கூட்டியே நிறுத்துப் பார்த்து எல்லையை வகுக்குமாறு அது கோரியது. பிற்காலப் பாடநூல்கள் இவ்விரண்டையும் ஒன்றாகத் தைத்து, சிந்தனையை நீக்கிவிட்டு, கோட்டை மாத்திரம் மாணவர் கையிற் கொடுத்தன.

பீ பெறுமானம் உண்மையிற் கூறுவது மிகச் சிறிதே. சிகிச்சையால் எவ்வித வேறுபாடும் இல்லை என்னும் சூனியக் கருதுகோள் மெய்யாயின், காணப்பட்ட அளவோ அதனினும் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாய்த் தோன்றக்கூடிய நிகழ்தகவே அது. மருந்து பயனற்றதாய் இருப்பதற்கான நிகழ்தகவு அதுவன்று. பயனின் அளவையும் அது கூறுவதில்லை. கோட்டைக் கடந்தமையை மட்டுங்கொண்டு முடிவுகள் எடுக்கலாகாதென அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கமே 2016 இல் அறிக்கை விடுத்தது. ஆயினும் ஆய்வறைகளிற் பழைய பூசையே தொடர்கிறது.

இலங்கை மண்ணிலே நிகழ்ந்த ஓர் உதாரணம் இதனைத் தெளிவாக்கும். மஞ்சள் அலரி விதையால் நஞ்சூட்டப்பட்டோருக்கு, நஞ்சைத் தன் மேற்பரப்பில் ஈர்த்துக்கொள்ளும் ஏவப்பட்ட கரியை மீண்டும் மீண்டும் கொடுத்தால் உயிர் பிழைப்பரா என்பதை ஆராய்ந்த எழுமாற்றுப் பரிசோதனை ஒன்றின் முடிவுகள் 2003 இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்தன. அனைவருக்கும் முதலில் ஒரு வேளை கரி கொடுக்கப்பட்டது. பின்னர் ஒரு சாராருக்கு மூன்று நாட்களுக்குக் கரி தொடர்ந்தது. கரி தொடரப்பெற்ற 201 பேரில் 5 பேரும், பெறாத 200 பேரில் 16 பேரும் இறந்தனர். அறிக்கையிடப்பட்ட பீ பெறுமானம் 0.025. கோடு கடக்கப்பட்டது, எனவே மருந்து "நிரூபிக்கப்பட்டது".

இந்நான்கு எண்களைச் சற்றே புரட்டிப் பார்த்தல் தகும். யேற்ஸ் திருத்தமின்றிக் கைவர்க்கச் சோதனையைச் செய்தால் பீ ஏறத்தாழ 0.013 ஆகும், திருத்தத்துடன் செய்தால் 0.024 ஆகும். இறந்தோர் தொகை மாறவில்லை. சோதனை மாத்திரமே மாறியது. இன்னும் ஒரு படி செல்லலாம். கரி தொடரப்பெற்றோரில் ஐவருக்குப் பதிலாக எழுவர் இறந்திருப்பின், திருத்தமின்றிப் பீ 0.052, திருத்தத்துடன் 0.08. அந்நிலையிலும் அச்சாராரின் இறப்புவீதம் மற்றையோரதில் அரைவாசியினும் குறைவே. ஆயினும் கோட்டை வணங்குவோர் "பயனில்லை" என்று தீர்ப்பளித்திருப்பர். இரண்டு நோயாளரின் விதியில் ஒரு சிகிச்சையின் விதி தொங்குமாயின், அதனை நிரூபணம் என்று அழைத்தல் தகுமா?

அப்பரிசோதனையின் உண்மையான செய்தி வேறோரிடத்தில் உள்ளது. இறப்புவீத வேறுபாடு 5.5 சதவீதம், அதன் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 0.6 முதல் 10.3 வரை. அதாவது, கரியின் பயன் அற்பமானதாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம். ஐந்தாண்டுகளின் பின், 2008 இல், மூன்று இலங்கை வைத்தியசாலைகளில் 4632 பேரைக்கொண்டு நிகழ்ந்த பெரும் பரிசோதனையின் முடிவு வந்தது. அலரி விதை மட்டுமன்றிப் பீடைகொல்லிகளாற் பாதிக்கப்பட்டோரும் இதில் அடங்குவர். நான்கு மணித்தியாலங்களுக்கொருமுறையாக ஆறு வேளை கரி பெற்றோரில் 6.3 சதவீதத்தினரும், கரியே பெறாதோரில் 6.8 சதவீதத்தினரும் இறந்தனர். நஞ்சின் வகைப்படி பிரித்து நோக்கியபோதும் வேறுபாடு காணப்படவில்லை.

கோட்டை மாத்திரம் பார்ப்பவர்க்கு இது பெருங்குழப்பம்: ஒன்று "ஆம்" என்கிறது, மற்றையது "இல்லை" என்கிறது. ஆயிடையைப் பார்ப்பவர்க்கோ குழப்பம் குறைவு. பின்னையதின் முரண்விகிதம் 0.96, ஆயிடை 0.70 முதல் 1.33 வரை. முன்னைய ஆய்வு காட்டிய பெரும்பயன் எல்லா நஞ்சுகளுக்கும் பொருந்தாதென்பதை இது வன்மையாக உணர்த்துகிறது. ஆனாற் சிறு பயனையோ சிறு தீங்கையோ அது மறுக்கவில்லை. இரண்டிலும் கரி கொடுத்த கால அளவும் நோயாளர் சேர்க்கையும் வேறு. எனவே எழவேண்டிய வினா "எது வென்றது?" என்பதன்று, "யாருக்கு, எவ்வளவு, எத்துணை உறுதியுடன்?" என்பதேயாம்.

கோட்டின் மறுபுறத்து வழுவும் கொடிதே. பொருண்மை காணப்படாமையைப் பயனின்மையெனக் கொள்வது அது. இலத்தீன் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 பேரைக்கொண்டு நிகழ்ந்து 2019 இல் வெளிவந்த அன்ட்ரோமெடா ஆய்வு, கிருமித்தொற்று அதிர்ச்சிக்குள்ளானோர் சிகிச்சையை வழிநடத்த இரு முறைகளை ஒப்பிட்டது. விரல் நுனியில் குருதி மீளநிரம்பும் நேரத்தைக் கொண்டு வழிநடத்தியபோது 28 நாட்களுள் இறந்தோர் 34.9 சதவீதம், குருதியின் லக்ரேற்று அளவைக் கொண்டு வழிநடத்தியபோது 43.4 சதவீதம். பீ 0.06. ஆகவே இறப்புக் குறையவில்லையென முடிவு எழுதப்பட்டது. தீங்கு விகிதத்தின் ஆயிடையோ 0.55 முதல் 1.02 வரை; அதன் பெரும்பகுதி பயனின் பக்கமே சாய்ந்திருந்தது. உபகரணம் ஏதும் வேண்டாது, ஒரு விரலும் ஒரு கடிகாரமும் கொண்டே செய்யத்தக்க முறை அது. வசதி குறைந்த நாடுகளின் வைத்தியர் "குறையவில்லை" என்னும் சொல்லை மாத்திரம் வாசித்து அதனைக் கைவிடுவாராயின், அதற்கு எவர் பொறுப்பு?

கோட்டைக் கடந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றோருக்கு அட்ரினலின் கொடுத்தல் பற்றி ஐக்கிய இராச்சியத்தில் 8014 பேரைக்கொண்டு நிகழ்ந்த ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. முப்பது நாள் உயிர்வாழ்ந்தோர் அட்ரினலின் பெற்றோரில் 3.2 சதவீதம், பெறாதோரில் 2.4 சதவீதம், பீ 0.02. ஆயின் பிழைத்தோருள் கடும் நரம்பியற் பாதிப்புற்றோர் முறையே 31.0, 17.8 சதவீதம். உயிர் எனப்படுவது எது என்ற வினாவுக்கு எந்தச் சோதனையும் விடை தராது.

இனி, சோதனையைத் தெரிதல் பற்றி நிலவும் வாய்பாட்டு வழக்கத்தை நோக்கலாம். தரவு செவ்வன் பரம்பலாயின் ரீ சோதனை, அன்றெனின் மான்–விற்னி சோதனை என மாணவர் மனனஞ் செய்கின்றனர். விடுதியிற் பத்து நோயாளர் உளர் எனக் கொள்க. ஒன்பதின்மர் இரண்டு நாட்களும் ஒருவர் 52 நாட்களும் தங்கினர். இடையம் 2, இடை 7. தனியொரு நோயாளி "எத்தனை நாளில் வீடு செல்வேன்?" என்று கேட்டால் இடையம் நேர்மையான விடை. எழுபது கட்டில்-நாட்களுக்கு வழிதேடும் நிர்வாகிக்கோ இடையே விடை; மான்–விற்னி அவருக்கு உதவாது. பரம்பலின் வடிவமன்று, வினாவே சோதனையைத் தெரிகிறது. அன்றியும், நோயாளரை விரைவிற் கொல்லும் சிகிச்சையும் தங்குநாட்களைக் குறைக்கும்! இறந்தோரையும் குணமடைந்தோரையும் பிரித்தறியாது தங்குநாட்களை ஒப்பிடும் ஆய்வு, மரணத்தைச் சிக்கனம் என்று கொண்டாடவும் கூடும்.

வினா இன்றிச் சோதனைகளை அடுக்கிக்கொண்டே போவது இன்னும் இழிந்த வழக்கம். பயனே இல்லாதவிடத்து, ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளைச் செய்தால், ஒன்றாயினும் கோட்டைக் கடக்கும் நிகழ்தகவு 64 சதவீதம். மாரடைப்புற்ற 17,187 பேரைக்கொண்டு 1988 இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வினர் இதனை நகைச்சுவையாகவே காட்டினர். இராசிப்படி நோயாளரைப் பிரித்தபோது, மற்றையோருக்குப் பெரும்பயன் தந்த அஸ்பிரின், மிதுன, துலா இராசிக்காரருக்குச் சற்றே தீங்கு செய்வதுபோற் தோன்றியது. சோதிடத்தைக் கண்டு சிரிப்பவர்கள், வயதுப்படியும் பால்படியும் தம் தரவைக் கூறுபோட்டுக் கண்ட "பொருண்மை"யைக் கண்டு சிரிப்பதில்லை.

அவசர சிகிச்சையில் ஆயிடைகளை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமேது, ஆம் அல்லது இல்லை என்ற தெளிவான கோடு வேண்டாமா என்று சிலர் கேட்பர். கட்டிலருகே நிற்கும் வைத்தியர் அக்கணமே முடிவெடுத்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஆய்வு கட்டிலருகே எழுதப்படுவதில்லை. மாதக்கணக்கிற் சிந்தித்து எழுதப்படுகிறது. எழுதுபவர் சிந்திக்க மறுத்த பாரம் முழுவதும் அக்கணத்தில் வைத்தியரின் தலையிற் சுமத்தப்படுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? குற்றம் பீ பெறுமானத்தினதன்று. அதனை நீதிபதியாக்கிய கல்விமுறையினது.

அக்கல்விமுறையை மாற்றும் பொறுப்பு பல்கலைக்கழகங்களுடையது. முதல் நோயாளியைச் சேர்க்குமுன் வினாவும் விளைவும் சோதனையும் எழுத்திற் பதியப்படல் வேண்டும். பயனின் அளவும் ஆயிடையும் இல்லாத ஆய்வேட்டைப் பரீட்சகர் திருப்பி அனுப்புதல் வேண்டும். "பொருண்மை வந்ததா?" என்று கேட்கும் மேற்பார்வையாளர், "எத்தனை உயிர், எவ்வளவு உறுதி?" என்று கேட்கப் பழகுதல் வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அளப்பது உயிராயின், அளவுகோலில் ஒரேயொரு கோடு மாத்திரம் இருத்தல் போதாது.