காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளி

1888-ஆம் ஆண்டின் இறுதி. லண்டன் வெஸ்ட் கென்சிங்டன் பகுதியில் ஒரு விதவை அம்மாளின் வீட்டில் 19 வயது இந்திய வாலிபர் ஒருவர் அறையும் சாப்பாடுமாகத் தங்கியிருந்தார். மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்களித்து வந்தவர். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று அந்த அம்மாள் நாள்தோறும் விசாரிப்பார். அவருடைய இரண்டு பெண்களும் ரொட்டித் துண்டு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து உபசரிப்பார்கள். முழு ரொட்டி ஒன்று இருந்தாலன்றி அவர் பசி தீராது. ஆனால் வாய் திறந்து கேட்கக் கூச்சம்! அன்பு நிறைந்த வீட்டில் அரை வயிற்றோடு காலம் தள்ளிய அந்த மாணவர்தான் மகாத்மா காந்தி.

காலம் மாறிவிட்டது. ஆனாலும் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இன்றும் குடும்பங்களோடுதான் தங்குகிறார்கள். கேம்பிரிட்ஜ், பிரைட்டன், போர்ன்மத் போன்ற ஊர்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளே இதற்கு ஏற்பாடு செய்கின்றன. "வேளைக்குச் சாப்பாடு, மேற்பார்வைக்குப் பெரியவர்கள்" என்று பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிடவில்லை.

அந்நியப் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலக் குடும்பம் ஏன் கதவைத் திறக்கிறது? பிற தேசத்தாரோடு பழகும் ஆவல் சிலருக்கு உண்டு. அதோடு கணக்கும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியதும் அறைகள் காலியாகின்றன. 2022-இல் வீட்டைச் சூடாக்கும் செலவு வெகுவாக உயர்ந்தது. சொந்த வீட்டில் அறையை வாடகைக்கு விட்டு வரும் வருமானத்தில் ஆண்டுக்கு 7,500 பவுன் வரை அங்கே வருமான வரி கிடையாது. 2016-க்கு முன் இந்த வரம்பு 4,250 பவுனாக இருந்தது. காசு வாங்குவதால் அன்பு பொய்யாகிவிடாது. ஆயினும் அன்பிருக்கிறது என்பதற்காகக் கணக்கை மறந்துவிடலாகாது.

இனி சட்டத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் குடித்தனக்காரர்களுக்காக 2025 அக்டோபரில் புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. காரணம் காட்டாமல் வெளியேற்றும் வழக்கத்தை ஒழிப்பது அதன் முக்கிய நோக்கம். ஆனால் வீட்டுச் சொந்தக்காரரோடு ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டு வாழும் மாணவர் அந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை. நியாயமான அவகாசம் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமலே அவரை வெளியேறச் சொல்லலாம். முன்பணத்தைத் தனித் திட்டத்தில் கட்டிப் பாதுகாக்க வேண்டும் என்ற விதியும் அவருக்குப் பொருந்தாது.

இது ஓரவஞ்சனை அல்லவா என்று தோன்றலாம். தன் சொந்த அடுப்படியில், விருப்பமில்லாத ஒருவரோடு வாழும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அங்குள்ள சட்டத்தின் வாதம். இந்த வாதம் ஒரு காலத்தில் கசப்பான காரியத்துக்கும் துணை போயிற்று. வீட்டு ஜன்னல்களில் "நிறத்தவருக்கு இடமில்லை" என்று அட்டை தொங்கிய நாட்கள் உண்டு. வீட்டு வசதியில் நிறபேதத்தைத் தடுத்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம்கூட, உரிமையாளரும் சேர்ந்து வாழும் சிறு வீடுகளுக்கு விலக்கு அளித்தது. இன்றைய சட்டத்தில் நிறபேதம் காட்ட அந்த விலக்கு இல்லை. சேலத்தில் பிறந்த கே. டி. பால் முயற்சியால் 1920-இல் லண்டனில் இந்திய மாணவர் விடுதி எழுந்ததன் அருமை அந்நாளைய மாணவர்களுக்குத்தான் தெரியும்.

16 வயதுக்குட்பட்ட பிள்ளையானால் இன்னொரு விதி உண்டு. உறவினரல்லாதவர் வீட்டில் 28 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதானால், உள்ளூர் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். இது நடந்ததா என்று பெற்றோர் கேட்பதில் தவறேதுமில்லை.

ஆகவே விமானம் ஏறுமுன் சில சங்கதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம். வாரத்துக்கு எத்தனை வேளைச் சாப்பாடு? தாளித்துச் சமைக்க அடுப்பு கிடைக்குமா? அறை எத்தனை மணி வரை சூடாக இருக்கும்? விலகுவதானால் எத்தனை வார நோட்டீஸ்? முன்பணம் எப்போது திரும்பும்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். ஆங்கிலேயரோ, கேட்காததை வேண்டாததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வெஸ்ட் கென்சிங்டன் அம்மாள் தினமும் கேட்டார், மாணவர்தான் சொல்லவில்லை. தெருத் தெருவாக அலைந்து, பாரிங்டன் தெருவில் சைவ உணவு விடுதி ஒன்றைக் கண்ட பிறகே அவர் வயிறு நிறைந்தது. இன்று போகும் பிள்ளை ஊறுகாய் ஜாடியோடு கொஞ்சம் வாய்த்துணிவையும் கட்டி எடுத்துச் செல்லட்டும். அதற்குச் சுங்கம் கிடையாது!