மலிவாய்க் கிடைக்கும் வழிகாட்டி

வாகனத்தில் பொருத்தும் ஜீ.பீ.எஸ். கருவி, புதுப்பிக்கப்பட்டதென்று பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கத்தான் மனம் சொல்லும். பாவித்த பொருளை வாங்குவதில் இழுக்கில்லை. நல்ல பொருளைக் குப்பையில் எறிவதே வீண்விரயம். ஆனால், இக்கருவிக்கு வெளி உறையை மினுக்கினால் மட்டும் போதாது.

செய்மதிச் சமிக்ஞையைக் கொண்டு கருவி கணிப்பது நாம் நிற்கும் இடத்தை மட்டுமே. போகும் பாதையைச் சொல்வது அதனுள் பதிந்துள்ள வரைபடம். கொட்டாவைக்கும் காலிக்கும் இடையிலான அதிவேகப் பாதை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய வரைபடமுள்ள கருவிக்கு அப்பாதையில் ஓடும் வாகனம் வயலுக்குள் ஓடுவதாகவே தோன்றும். இரவில், தெரியாத ஊரில் வழி தவறிவிட்டால், மிச்சம்பிடித்த காசு வழி சொல்லாது.

ஆகவே, விலையைக் கேட்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம். வரைபடம் எந்த ஆண்டுக்குரியது? அதை இனியும் புதுப்பிக்க முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? பற்றறி புதியதா? உத்தரவாதம் எழுத்தில் உண்டா?

இவற்றுக்குப் பதில் சொல்லத் தயங்கும் கடையில், எவ்வளவு கழிவு தந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதைவிட, வீட்டிலுள்ள கைத்தொலைபேசியின் வரைபடமே பெரும்பாலான பயணங்களுக்குப் போதும்.